இரவுக் காவலுக்குத் தெர்மல் கேமரா: குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் கொல்லை பேரணாம்பட்டுப் பக்கம், காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. மூன்று ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை), ஒன்றரை ஏக்கர் கரும்பு, வரப்போரம் கொஞ்சம் மாமரம். சித்தூர் மாவட்டத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து இறங்கும் யானைக்கு மாநில எல்லை தெரியாது. காட்டுப்பன்றியோ எந்த மாதமும் வரும். 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் சிறுத்தை தாக்கி ஓர் இளம்பெண் இறந்த பிறகு, இருட்டில் மோட்டார் போடப் போகவே வீட்டுப் பெண்கள் பயந்தார்கள். அப்போதுதான் தெர்மல் கேமரா வாங்கலாம் என்று முடிவெடுத்தேன்.

முதலில் வாங்கியது தவறானது. 62,000 ரூபாய் போனது. இரண்டாவதை மூன்று குடும்பம் சேர்ந்து, விவரம் தெரிந்துகொண்டு வாங்கினோம். அந்த இடைவெளியில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அந்த முதல் செலவைச் செய்ய வேண்டாம்.

1. இந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இது இருட்டில் வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் நைட் விஷன் இல்லை. வெளிச்சமே இதற்குத் தேவையில்லை. மாடு, மரம், பாறை, மண் என்று எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் 8 முதல் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள அலைகளைத்தான் இந்தக் கருவி பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சென்சாரில் பல்லாயிரம் நுண்ணிய புள்ளிகள். கதிர் பட்ட புள்ளி துளி சூடாகிறது, அதன் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றம்தான் திரையில் படமாகிறது. ஆகவே திரையில் நாம் பார்ப்பது சூட்டு வித்தியாசம். இந்த ஒரு வார்த்தையை மறக்காதீர்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் வருகிறது.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்து பாருங்கள். சுவரில் உள்ளங்கையைப் பத்து விநாடி அழுத்தி எடுத்தால், ஐந்து விரலும் சுவரில் பளிச்சென்று நிற்கும், பிறகு மெல்ல மங்கும். கையை மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் கவருக்குள் விட்டால், கண்ணுக்கு மறைந்த விரல்கள் கருவிக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாலோ தெரு தெரியாது, உங்கள் உருவமே மங்கலாகத் தெரியும். இந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. அதனால்தான் கருவியின் லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள், விலையும் அதனால் ஏறுகிறது. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்க முடியாது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடர்ந்த இலைக்கும் கரும்புக்கும் பின்னால் இருப்பது தெரியாது. இடைவெளி இருந்தால் துண்டு துண்டாகத் தெரியும், அவ்வளவுதான். தகரக் கூரை வானத்தின் குளிர்ச்சியைப் பிரதிபலிப்பதால் கருப்பாகத் தெரியும். உண்மையில் அது அவ்வளவு குளிர்ந்திருக்காது. சேற்றில் புரண்டு வந்த பன்றியின் உடம்பு வழக்கத்தைவிட மங்கலாகத்தான் தெரியும்.

பாம்பு விஷயத்தை எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாம்பின் உடம்புச் சூடு சுற்றியுள்ள மண்ணின் சூட்டை ஒட்டியே இருக்கும். கண்ணாடிவிரியன் வழியில் படுத்திருந்தாலும் இந்தக் கருவி காட்டாமல் போகலாம். கருவி கையில் இருக்கிற தைரியத்தில் டார்ச்சையும் பூட்ஸையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

2. உங்களுக்கு எவ்வளவு தூரம் தேவை என்று அளந்து கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன், நீங்கள் காவல் இருக்கும் இடத்திலிருந்து கொல்லையின் கடைசி மூலை வரை நடந்து அளந்துவிடுங்கள். எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்து காட்டோர வரப்பு 170 மீட்டர். யானை இறங்கும் மேடு 400 மீட்டர். இந்த இரண்டு எண்ணையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் முதல் கருவியை வாங்கியே இருக்க மாட்டேன்.

3. விளம்பரத்தில் உள்ள தூரத்தை நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள்

முதல் கருவியை விற்றவர், "சார், 1200 மீட்டர் அடிக்கும்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. 1200 மீட்டரில் ஏதோ சூடான ஒன்று இருக்கிறது என்பது ஓரிரு புள்ளியாகத் தெரியும், அது ஆளா, மாடா, யானையா என்று தெரியாது. கண்டுபிடிக்கும் தூரம் வேறு, இன்னது என்று அடையாளம் காணும் தூரம் வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதலாவதை.

கணக்கு எளிது. கருவியின் விவரத் தாளில் இரண்டு எண் இருக்கும்: சென்சார் புள்ளியின் அளவு மைக்ரானில், லென்ஸின் குவிய தூரம் மில்லிமீட்டரில். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வருவது, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி எத்தனை மீட்டரை மூடுகிறது என்பது. 12 மைக்ரான், 25 மி.மீ. லென்ஸ் என்றால் 0.48 மீட்டர். 12 மைக்ரான், 10 மி.மீ. லென்ஸ் என்றால் 1.2 மீட்டர். விவரத் தாளில் இந்த இரண்டு எண்ணும் இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம்.

ஓர் உருவம் இருக்கிறது என்று தெரிய அதன் உயரத்தில் 2 புள்ளி போதும். பன்றியா, நாயா, ஆளா என்று வகை பிரிக்க ஏறக்குறைய 8 புள்ளி வேண்டும். இன்னும் தெளிவாகத் தெரிய 12 வேண்டும். 70 செ.மீ. உயரமுள்ள பன்றியை 10 மி.மீ. லென்ஸில் வகை பிரிக்க முடிவது சுமார் 70 மீட்டர் வரைதான். 25 மி.மீ. லென்ஸில் 180 மீட்டர் வரை முடியும். இரண்டரை மீட்டர் உயர யானை என்றால் முறையே 260, 650 மீட்டர். நான் முதலில் வாங்கியது 10 மி.மீ. லென்ஸ். எங்கள் வரப்பு 170 மீட்டரில் இருக்கிறது என்று மேலே சொன்னேன். பன்றிக்கும் தெருநாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மாதம் முழுக்க விழித்திருந்தோம்.

லென்ஸ் பெரிதானால் தூரம் கூடும், பார்வையின் அகலம் குறையும். 256 புள்ளி அகல சென்சாரில் 10 மி.மீ. லென்ஸ், 100 மீட்டரில் 30 மீட்டர் அகலத்தைக் காட்டும். அதே சென்சாரில் 25 மி.மீ. போட்டால் 12 மீட்டர்தான். குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும், கொல்லையைத் துழாவுவதற்குள் கை வலிக்கும். அதனால் 25 மி.மீ. லென்ஸ் வேண்டுமென்றால் 384 புள்ளி அகல சென்சாராகப் பார்த்து வாங்குங்கள். அதில் 18 மீட்டர் அகலம் கிடைக்கும். டிஜிட்டல் ஜூம் இருக்கிறதே என்று சொல்வார்கள். அது இருக்கிற புள்ளியைப் பெரிதாக்கும், புதுப் புள்ளியைக் கொண்டுவராது.

இன்னும் இரண்டு எண். சென்சாரின் உணர்திறனை, அதாவது எவ்வளவு சின்னச் சூட்டு வித்தியாசத்தை அது பிரித்தறியும் என்பதை, மில்லிகெல்வினில் (ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போட்டிருப்பார்கள். எண் குறைய நல்லது, 40க்கு மேல் போக வேண்டாம். மழைக்காலத்து ஈரக்காற்றில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். விநாடிக்கு 9 படம் காட்டும் கருவியும் உண்டு, 25 அல்லது 50 காட்டுவதும் உண்டு. வயர் ஜாயின்ட் பார்க்க 9 போதும். ஓடும் பன்றியைப் பின்தொடர 25 வேண்டும்.

4. எவ்வளவு செலவாகும்

நான் விசாரித்தபோது எனக்குச் சொன்ன விலைகள் இவை. போனில் செருகும் சிறிய வகை 20,000 முதல் 30,000 வரை. 256 புள்ளியுள்ள கையடக்க மானோகுலர் (ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் வகை) 50,000 முதல் 80,000. 384 புள்ளி வகை ஒன்றேகால் லட்சத்திலிருந்து. 640 புள்ளி என்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல். சொல்லும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று முதல் கேள்வியாகவே கேளுங்கள். என்னிடம் கடைசியில்தான் சொன்னார்கள்.

போனில் செருகும் வகை காவலுக்கு ஆகாது. ஆனால் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் எந்த ஜாயின்ட் சூடாகிறது என்று பார்க்கவும், இரவில் வழிதவறிய ஆட்டுக்குட்டியைப் பக்கத்துப் புதரில் தேடவும் அருமையானது. அந்த வேலை மட்டும்தான் என்றால் அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். உங்கள் போனின் சார்ஜிங் துளையும் அந்தக் கருவியின் முனையும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம் பெரிய தொகை. பக்கத்துக் கொல்லைக்காரர்களோடு சேர்ந்து வாங்குங்கள். நாங்கள் மூன்று வீடும் ஆளுக்கு ஒரு பங்கு போட்டோம். யார் எந்த இரவு வைத்துக்கொள்வது, உடைந்தால் யார் செலவு என்பதை வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பணம் கொடுத்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

5. பில்லும் மற்ற காகிதங்களும்

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் கருவியின் மாடலும் வரிசை எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் "கேமரா 1" என்று போட்டுக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். என் முதல் பில் அப்படித்தான் இருந்தது. திரையில் கோடு விழுந்தபோது, இது அந்தக் கருவிதான் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை, வாரண்டி கைவிட்டுப் போனது.

வாரண்டி அட்டையில் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று பாருங்கள். கூரியரில் அனுப்பி வாங்க வேண்டுமென்றால் போக்குவரத்துச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தெரியும். அதை நம்பி நேரடியாக வரவழைக்காதீர்கள். சுங்க வரி, அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி., ஆதார், பான் எண் கேட்டுக் கூரியர்காரர் அழைப்பு என்று போகும். போதாததற்குப் பல நாடுகள் தெர்மல் கருவி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. வந்து சேர்ந்தாலும் இங்கே வாரண்டி இருக்காது.

துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப் வகையைத் தொடவே வேண்டாம். தனி கேமராவைவிட மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். காட்டோரத்தில் அது உங்கள் கையில் இருந்தால் நீங்கள் சொல்லும் எந்த விளக்கமும் எடுபடாது.

6. பணம் கொடுக்கும் முன் இரவில் சோதியுங்கள்

கடைக்குள், ஏசி அறையில், எதிரே நிற்கும் ஆளைக் காட்டி விற்பார்கள். இருபது டிகிரி அறையில் முப்பத்து நான்கு டிகிரி தோல் எந்தக் கருவியிலும் பளிச்சென்றுதான் தெரியும். காட்பாடியில் ரயிலேறி சென்னைக்குப் போய்ப் பகலில் பார்த்துவிட்டு அன்றே திரும்பியது நான் செய்த தவறு. இரண்டாம் முறை மாலையில் போனேன். இருட்டிய பிறகு வெளியே எடுத்துப் போய்க் காட்டச் சொன்னேன். ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்கவில்லை.

வெளியே வந்ததும், 100 மீட்டர் தள்ளி நிற்கும் நாய், பூனை மாதிரிச் சின்ன உருவத்தைப் பாருங்கள். கருவியைப் பக்கவாட்டில் வேகமாகத் திருப்பிப் படம் இழுக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். இடையிடையே "டிக்" என்று ஒரு சத்தம் வந்து படம் ஒரு நொடி உறையும். பழுது என்று பயப்படாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மூடி விழுந்து சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்த "டிக்" வந்த பிறகும் புள்ளியோ கோடோ மாறாமல் நின்றால் அதுதான் பழுது.

7. வனத்துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில், காட்டோரத்தில், கையில் இப்படியொரு கருவியோடு ஒருவர் நின்றால் வேட்டைக்காரர் என்று நினைப்பது இயல்பு. என்னை ஒருமுறை ரோந்து வந்தவர்கள் நிறுத்தினார்கள். பில் வீட்டில் இருந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. அவர்கள் செய்தது சரிதான், என்னிடம் காகிதம் இல்லாததுதான் தவறு.

உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். பெயர், முகவரி, நிலத்தின் சர்வே எண், கருவியின் மாடல், வரிசை எண், பயிர்க் காவலுக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்ற வரி. கூடவே ஆதார் நகல், சிட்டா நகல், பில் நகல். நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி, அதையும் பில் நகலையும் கருவியின் பையிலேயே வையுங்கள். செலவு ஜெராக்ஸ் காசுதான். ஒரு முற்பகல் போதும். சிட்டாவை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். போன கையோடு வனவர், வனக்காப்பாளர் கைபேசி எண்களையும் வாங்கி வந்துவிடுங்கள்.

சட்டத்தை ஒரு வரியில் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானையும் சிறுத்தையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன, காட்டுப்பன்றியும் பாதுகாப்பில் இருக்கிறது. கருவியை வைத்துக்கொண்டு காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. கம்பியில் கரண்ட் விடுவது, வெடி வைப்பது பற்றி யோசிக்கவே கூடாது. அதில் மிருகத்தோடு மனிதரும் செத்திருக்கிறார்கள்.

பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்கும்போது கருவியில் பதிந்த வீடியோ உதவும். ஆனால் அது மட்டும் போதாது. விடிந்ததும் சேதத்தையும் கால்தடத்தையும் சாதாரணப் போனில் படம் எடுங்கள், வி.ஏ.ஓ.வுக்கும் வனச்சரகத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்களைத் தயாராக வைத்திருங்கள். கருவியில் தேதியும் நேரமும் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். எங்கள் முதல் வீடியோக்களில் வருடமே தப்பாக விழுந்திருந்தது.

8. நம் ஊருக்கு ஏற்ற நேரம் எது

குளிர் நாட்டில் எடுத்த விளம்பர வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். வேலூர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் மொட்டைப் பாறை. சித்திரை வெயிலை நாளெல்லாம் குடித்த பாறை ராத்திரி பத்து மணிவரை கக்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கருவி வந்த முதல் வாரம். இரவு எட்டு மணி இருக்கும். மேட்டில் ஆறு வெள்ளை உருவம் அசையாமல் நின்றது. "சித்தப்பா, கூட்டமா இறங்கிடுச்சு, மேட்டுல நிக்குது" என்று கத்தினேன். அவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, மேட்டைச் சுற்றிக் கரும்போரமாக வீட்டுப் பக்கம் ஓடினார். மேட்டில் இருந்தது பாறை. யானை நின்றது கரும்புக்குள், அவர் ஓடிய வழிக்கு இடப்பக்கம் இருபது அடியில். கரும்பு முறியும் சத்தம் கேட்டுத்தான் திரும்பி ஓடிவந்தார். திண்ணையில் வந்து உட்கார்ந்தவரின் கை நடுங்கியதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன்.

அதனால் செய்ய வேண்டியது இது. கருவி வந்த முதல் இரண்டு மூன்று நாள், பயிருக்கு ஆபத்து இல்லாத காலத்திலேயே, மாலை ஏழு மணிக்கும் நள்ளிரவிலும் விடியற்காலை நான்கு மணிக்கும் கொல்லையைச் சுற்றி வீடியோ எடுத்து வையுங்கள். எந்தப் பாறை எங்கே வெளுத்து நிற்கிறது என்று மனதில் பதிந்துவிடும். அசையாத உருவத்தைப் பாறை என்று முடிவு கட்டுவதும் ஆபத்து, மிருகம் என்று ஓடுவதும் ஆபத்து. ஒரே இடத்தை இரண்டு நிமிடம் பாருங்கள். யானை என்றால் காது அசையும், காதின் நிறம் உடம்பின் நிறத்திலிருந்து வேறாகத் தெரியும்.

மூன்று மணியிலிருந்து விடியும் வரைதான் படம் மிகச் சுத்தமாக இருக்கும். சூரியன் ஏறி மண்ணும் மிருகமும் ஒரே சூட்டுக்கு வரும் நேரத்தில் உருவம் கரைந்துபோகும். கோடைப் பகலில் தரை ஐம்பது டிகிரியைத் தாண்டும்போது, மிருகம் சுற்றுப்புறத்தைவிடக் கருப்பாகத் தெரியும். மழை பெய்யும்போதும் மார்கழிப் பனிமூட்டத்திலும் பாதி தூரம்கூடக் கிடைக்காது. அந்த இரவுகளில் பழையபடி இரண்டு ஆள் காவல்தான் சரி.

ஐப்பசி மழைக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. விசாரிப்பு, சோதனை, மனு, பழக்கம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

9. பார்த்த பிறகு என்ன செய்வது, கருவியை எப்படி வைத்துக்கொள்வது

யானை என்று தெரிந்தால் கொட்டகையை விட்டு இறங்காதீர்கள். வனக்காப்பாளருக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் போன் செய்யுங்கள், எத்தனை உருவம், எந்தத் திசை என்று மட்டும் சொல்லுங்கள். குட்டி இருந்தால் அதையும் சொல்லுங்கள். திரையையே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். பிரகாசமான திரையிலிருந்து கண்ணை எடுத்தால் இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்தில் காலடியே தெரியாது. திரை வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து வையுங்கள்.

லென்ஸைத் துண்டாலோ வேட்டி முனையாலோ துடைக்க வேண்டாம், மேல்பூச்சு கீறிவிடும். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியும் தூசி ஊதும் சின்ன ரப்பர் பம்பும் போதும். அணைத்திருந்தாலும் சூரியனைப் பார்க்கும்படி வைக்காதீர்கள், சென்சார் கெட்டுவிடும். பேட்டரி எட்டு மணி நேரம் வரும் என்று போட்டிருந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாற்றும் பேட்டரியுள்ள மாடலாக இருந்தால், சார்ஜ் ஏற்றிய இன்னொரு ஜோடி கொட்டகையிலேயே இருக்கட்டும். பகலில் கருவியைத் தகரக் கொட்டகையில் விட்டு வராமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு அரிசி டிரம்முக்கு மேல் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார் அம்மா. பையில் பில் நகல் இருக்கிறதா என்று தினமும் சாயந்திரம் அவர்தான் பார்த்து அனுப்புகிறார்.